தூய நீருக்கு எந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்?

தூய நீர் பசியெடுத்த நீர். கனிமம் எதுவும் இல்லாததால் கிடைத்த உலோகத்தையெல்லாம் கரைத்துவிடும். ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 எல் என்ற தரத்துக்குக் கீழே எதையும் போடாதே. நீர் சுத்திகரிப்புத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம் இது. 316 எல் வாங்குவது பல இடங்களில் சரியான முடிவுதான். அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி வாங்குகிறவர்கள் விலை கூடிய குழாயைப் போட்டுவிட்டு, வெல்டிங்கையும் வால்வுக்குள் கிடக்கும் சின்ன உதிரிகளையும் கவனிக்காமல் விடுகிறார்கள். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் அந்தப் பசி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். கலப்பே இல்லாத நீரின் மின்கடத்துத்திறன் 25 டிகிரி செல்சியஸில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ். மின்தடையாகச் சொன்னால் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர். சாதாரணக் குழாய்நீர் சில நூறு மைக்ரோசீமென்ஸ் காட்டும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அரிமானம் என்பது மின்வேதியியல் வேலை. உலோகத்தின் ஓரிடத்தில் அணுக்கள் அயனிகளாகக் கரையும்; அங்கே விடுபட்ட எலக்ட்ரான்களை இன்னோரிடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும்; இரண்டுக்கும் நடுவே நீர் மின்னோட்டத்தைக் கடத்தியாக வேண்டும். கடத்துவதற்கு அயனியே இல்லாத நீரில் இந்தச் சுற்று சோம்பிப்போகிறது. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் வரும் அரிமானம்கூட, தூய நீரில் அவை சேரும் விளிம்பை ஒட்டிய சிறு தூரத்தோடு நின்றுவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும் எஃகின் மேல், காற்றோ நீரில் கரைந்த ஆக்சிஜனோ பட்டவுடன் குரோமியம் ஆக்சைடுப் படலம் ஒன்று தானாகப் படர்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினால் மறுபடி படரும். இந்தப் படலத்தைத் துளைக்கும் பெரிய எதிரி குளோரைடு அயனி, தூய நீரில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். தூய நீர் காற்றில் திறந்து கிடந்தால் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, பி.எச். 5.6 அளவுக்கு இறங்கும். ‘அமிலமாகிவிட்டது’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கார்பானிக் அமிலம் அத்தனை மென்மையானது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதைச் சட்டை செய்வதே இல்லை. ஆக, அறை வெப்பநிலையில் தூய நீர் இந்த எஃகுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சாதுவான திரவங்களில் ஒன்று.

பசி பற்றிய அச்சம் எங்கே நியாயமானது? சாதாரணக் கார்பன் எஃகிலும் செம்பு, பித்தளையிலும். கார்பன் எஃகைக் காக்கும் மாக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடுப் படலம், ஆக்சிஜன் நீக்கப்பட்ட சூடான தூய நீர் வேகமாக ஓடும்போது மெல்ல மெல்லக் கரைந்து போகும். அடியில் இருக்கும் எஃகு அதை ஈடுகட்டப் புதுப் படலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்க, சுவர் மெலிந்துகொண்டே வரும். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள சர்ரி அணுமின் நிலையத்தில் 1986 டிசம்பரில் இப்படி மெலிந்த குழாய் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். ஜப்பானின் மிஹாமா நிலையத்தில் 2004 ஆகஸ்டில் இதே காரணத்தால் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டும் கதிரியக்கம் சம்பந்தப்படாத நீர்க் குழாய்கள். எஃகில் ஒரு சதவீதம் அளவுக்குக் குரோமியம் இருந்தாலே இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிடும். 18 சதவீதம் குரோமியம் உள்ள எஃகுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

அப்படியானால் ஏன் இத்தனை ஆராய்ச்சி, ஏதோ ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கேள்வி திரும்ப வேண்டிய இடம் இதுதான். மற்ற நீர்களில் நீரிடமிருந்து எஃகைக் காப்பாற்றுகிறோம்; தூய நீரில் எஃகிடமிருந்து நீரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது பளிச்சென்று தெரியும். குழாயின் உள்விட்டம் 50 மி.மீ., சுவர் 1.65 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். எஃகு ஆண்டுக்கு ஒரு மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் கரைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் சுவர் முழுவதும் கரைய ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எந்தப் பொறியாளரும் இதை அரிமானம் என்றே சொல்ல மாட்டார். இப்போது நீரின் பக்கமிருந்து பாருங்கள். அந்தக் குழாயில் ஒரு கன மீட்டர் நீரை 80 சதுர மீட்டர் உலோகம் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராமுக்குச் சற்று மேல், நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் உலோகம் நீருக்குள் போகிறது. நீர் ஒரு நாள் முழுக்கத் தேங்கி நின்றால் லிட்டருக்கு 17 மைக்ரோகிராம். அதாவது 17 பி.பி.பி. (நூறு கோடியில் 17 பங்கு). சிலிக்கான் சில்லுத் தொழிற்சாலை உலோகங்களை பி.பி.டி. கணக்கில், இதைவிட ஆயிரம் மடங்கு சிறிய அலகில் அளக்கிறது. அங்கே இந்த நீர் 17,000 பி.பி.டி. உலோகம் கலந்த அழுக்கு நீர்.

அதனால்தான் சில்லுத் தொழிற்சாலைகளில் கடைசிச் சுத்திகரிப்புக்குப் பிறகு ஓடும் நீருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவதில்லை. பி.வி.டி.எஃப்., பி.எஃப்.ஏ. போன்ற ஃபுளோரின் கொண்ட பிளாஸ்டிக்குகள்தான். எந்தத் தரம் என்று கேட்பதற்கு முன்னால், உலோகமே வேண்டுமா என்று கேட்க வேண்டிய இடம் அது. மருந்துத் தயாரிப்பில் ஊசிமருந்துக்கான நீருக்கு அமெரிக்க மருந்து நெறிநூல் வைத்திருக்கும் கடத்துத்திறன் வரம்பு 25 டிகிரியில் 1.3 மைக்ரோசீமென்ஸ், 17 பி.பி.பி. இரும்பை அந்த மீட்டர் கண்டுகொள்ளாது. அங்கே கவலை கிருமி பற்றியது. கிருமியைக் கொல்ல நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கிச் சுழல விடுவார்கள், இடையிடையே நீராவி பாய்ச்சுவார்கள். அதற்குத் தாங்குவது எஃகுதான். கொதிகலனுக்கு, ஆய்வகத்துக்கு, லேசர் கருவியைக் குளிர்விக்க என்று ஒவ்வொன்றுக்கும் ‘தூய’ என்ற சொல்லின் எல்லை வேறு. அந்த எல்லையை எழுதி வைக்காமல் எஃகைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

இனி தரங்கள். 304-இல் குரோமியம் 18 முதல் 20 சதவீதம், நிக்கல் 8 முதல் 10.5 சதவீதம். 316-இல் குரோமியம் சற்றுக் குறைவு, 16 முதல் 18. நிக்கல் சற்றுக் கூடுதல். அதோடு மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம். குழி அரிமானத்தை, அதாவது ஒரே இடத்தில் குழியாகத் துளைக்கும் அரிப்பை, எதிர்க்கும் திறனை மதிப்பிட ஒரு எளிய சூத்திரம் உண்டு: குரோமியம் சதவீதத்தோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்ட வேண்டும். 304-க்கு 18, 19 என்று வரும். 316-க்கு 24-ஐ ஒட்டி. இவற்றைவிட உயர்ந்த 2205 டூப்ளெக்ஸ் தரத்துக்கு 35 போல. ஆனால் இந்த எண் அளப்பது குளோரைடை எதிர்க்கும் திறனை. குளோரைடே இல்லாத நீரில் 19-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். சாதாரண வெப்பநிலையில் டி.எம். நீரை (கனிமம் நீக்கிய நீரை) சேமிக்கும் தொட்டிக்கு 304 எல் தாராளமாகப் போதும். தூய நீர் என்ற ஒரே காரணத்துக்காக டூப்ளெக்ஸோ 904 எல் போன்ற உயர்தர எஃகோ வாங்குவது பணத்தைக் கரைக்கும் வேலை.

மாலிப்டினத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கடைசியில் வரும் அந்த ‘எல்’ என்ற எழுத்து. கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது என்பதற்கான அடையாளம் அது. வெல்டிங் செய்யும்போது, இணைப்பை ஒட்டிய பட்டை சிறிது நேரம் 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் நிற்கும். கார்பன் அதிகமிருந்தால் அது குரோமியத்தோடு சேர்ந்து, எஃகின் படிகங்களுக்கு இடையிலுள்ள எல்லைகளில் கார்பைடாகப் படியும். எல்லையை ஒட்டிய இடம் குரோமியம் இல்லாமல் வறண்டுபோகும். அங்கே படலம் சரியாக உருவாகாது.

தூய நீரில் இது என்ன செய்யும் என்பதற்குக் கொதிநீர் அணு உலைகள் பெரிய பாடம். அவற்றில் ஓடுவது மிகத் தூய நீர். வெப்பநிலை ஏறக்குறைய 288 டிகிரி. கதிர்வீச்சு நீரைப் பிளப்பதால் கொஞ்சம் ஆக்சிஜனும் இருக்கும். 1970-களில் இந்த உலைகளின் 304 குழாய்களில் வெல்டிங்கை ஒட்டி வரிசையாக விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. குளோரைடு காரணமில்லை. கார்பைடு படிந்து பலவீனமான எல்லை, வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை, ஆக்சிஜன் கலந்த சூடான நீர் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததுதான் காரணம். கார்பனை 0.02 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, இழந்த வலிமைக்கு நைட்ரஜன் சேர்த்து ‘அணுத் தரம்’ என்று ஒரு 316-ஐக் கொண்டுவந்தார்கள். நீரில் ஹைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனையும் அடக்கினார்கள். 80 டிகிரி மருந்து நீரில் இந்த விரிசலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் வெல்டிங் உள்ள எந்தத் தூய நீர் அமைப்பிலும் எல் இல்லாத தரத்தை வாங்க இன்று காரணமே கிடையாது. உருக்காலையில் ஆர்கான், ஆக்சிஜன் ஊதிக் கார்பனை மலிவாக நீக்கும் முறை பரவிய பிறகு, 304 என்றும் 304 எல் என்றும் இரட்டைச் சான்றோடுதான் பெரும்பாலான தகடுகள் வருகின்றன.

தரத்துக்கு அடுத்தது மேற்பரப்பு. உண்மையில் நீர் தொடுவது 316 எல்லை அல்ல, அதன் மேலிருக்கும் சில நானோமீட்டர் படலத்தை. எஃகின் உடலில் குரோமியம் ஒரு பங்கு என்றால் இரும்பு நான்கு பங்கு. நன்றாகத் தயாரிக்கப்பட்ட மேற்பரப்பில் குரோமியம் இரும்புக்குச் சமமாகவோ மிஞ்சியோ இருக்கும். நைட்ரிக் அமிலத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ செய்யும் பாசிவேஷன், மேலே ஒட்டிக்கிடக்கும் இரும்பைக் கரைத்தெடுத்து இந்த விகிதத்தைத் தூக்கிவிடுகிறது. எலக்ட்ரோ பாலிஷ் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரத்தால் முகடுகளைக் கரைத்து மேற்பரப்பையே சமமாக்கும். சாதாரணமாக வரும் 316 எல்லைவிட, எலக்ட்ரோ பாலிஷும் பாசிவேஷனும் செய்த 304 எல் நீருக்குள் குறைவான உலோகத்தை விடுவதில் வியப்பில்லை. கண்ணாடி போலப் பளபளப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். துணிச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில், மடிந்த உலோகத்துக்கு அடியில் தேய்ப்புப் பொடி சிக்கியிருக்கும். சொரசொரப்பு அளவுமானி நல்ல எண்ணைக் காட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வெல்டிங் இந்தப் படலத்தின் மேல் விழும் அடி. குழாய்க்குள் ஆர்கான் நிரப்பி ஆக்சிஜனை வெளியேற்றாமல் வெல்டிங் செய்தால், உட்புறம் வைக்கோல் நிறத்தில் தொடங்கி நீலம், கறுப்பு என்று தீய்ந்துபோகும். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. பாசிவேஷன் மட்டும் அதைச் சரிசெய்யாது. நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவையால் பிக்கிளிங் செய்து அந்த அடுக்கையே அகற்ற வேண்டும். ஐம்பது மீட்டர் குழாய்க்குள் கையும் கண்ணும் போகாது என்பதால், ஆர்கான் விஷயத்தில் முதலிலேயே கஞ்சத்தனம் பார்க்காமல் இருப்பது நல்லது. கார்பன் எஃகைத் தேய்த்த அதே கிரைண்டிங் சக்கரத்தையோ கம்பித் தூரிகையையோ இங்கே பயன்படுத்தி, இரும்புத் துகளை ஒட்டவைப்பதும் இதே வகைக் குற்றம்தான்.

மருந்துத் துறைக்கான ஏ.எஸ்.எம்.இ. பி.பி.இ. தரநிலை 316 எல்லின் கந்தகத்தைக்கூட 0.005 முதல் 0.017 சதவீதம் வரை என்று கட்டுப்படுத்துகிறது. கந்தகம் வேறுபட்ட இரண்டு குழாய்களைத் தானியங்கி இயந்திரத்தில் வெல்டிங் செய்தால், உருகிய குளம் கந்தகம் குறைந்த பக்கம் சாய்ந்துவிடும்; மறுபக்கத்தில் இணைப்பு முழுதாக ஊடுருவாது. கந்தகம் கூடினால் மாங்கனீசு சல்ஃபைடுத் துணுக்குகள் பெருகி, குழி அரிமானத்துக்கு விதையாகும். அதனால்தான் நடுவில் ஒரு குறுகிய வரம்பு.

இந்த இடத்தில் 303 என்ற தரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். லேத்தில் சுலபமாகக் கடைவதற்காகக் குறைந்தது 0.15 சதவீதம் கந்தகம் வேண்டுமென்றே சேர்த்த எஃகு அது. சின்ன ஃபிட்டிங்குகள், வால்வுத் தண்டுகள், உணரிகளின் உறைகள் பல அதில்தான் செய்யப்படுகின்றன. பட்டியலில் வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று போட்டிருக்கும். பம்பின் உட்சக்கரம் வார்ப்பு எஃகாக இருக்கும். அதில் ஃபெரைட் என்ற வேறு படிக அமைப்பு கலந்திருக்கும், நீரின் வேகமும் அங்கேதான் அதிகம். சூடான தூய நீர் அமைப்புகளில் ஆரஞ்சு நிறப் பொடியாக எங்கும் படரும் ‘ரூஜ்’ என்னும் படிவு, பல சமயம் இப்படி ஒரு பம்பிலிருந்தோ தவறான ஒரு உதிரியிலிருந்தோ கிளம்பி, குற்றமற்ற குழாய் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. துடைத்தால் கீழே எஃகு நன்றாக இருக்கும். படலமே சிதைந்து அதே இடத்தில் உருவாகும் ரூஜ் வேறு வகை. துடைத்தால் போகாது, குளோரைடு ஏதும் உள்ளே வந்ததா என்று தேட வேண்டும். சுத்த நீராவிக் குழாய்களில் வரும் கறுப்புப் படிவு மூன்றாவது வகை; அது மாக்னடைட், பெரும்பாலும் இறுகப் பிடித்து நிற்கும், அதைச் சுரண்டாமல் விடுகிறவர்களும் உண்டு.

சரி, குளோரைடு இல்லாத நீருக்கு 316 எல் எதற்கு என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. பதில் தூய நீரில் இல்லை. அந்த எஃகு தன் வாழ்நாளில் சந்திக்கும் மற்ற நீர்களில் இருக்கிறது.

குழாய் போட்டு முடித்ததும் கசிவு பார்க்க நீர் நிரப்பி அழுத்துவார்கள். கையில் கிடைத்த கிணற்று நீரையோ குழாய் நீரையோ நிரப்பி, சோதனை முடிந்தபின் வடிக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிட்டால், வெல்டிங்கை ஒட்டி நுண்ணுயிர்கள் குடியேறி, வெளியே குண்டூசித் துளை, உள்ளே குகை என்று அரித்துவிடும். தூய நீர் ஒரு சொட்டுக்கூட ஓடாமலேயே குழாய் ஓட்டையாகும். 304 எல், 316 எல் இரண்டுமே இதில் மாட்டியிருக்கின்றன. டி.எம். நீரால் சோதித்து, உடனே வடித்து உலர்த்துவதுதான் மருந்து. பிறகு கிருமிநீக்கம்: யாராவது சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊற்றிச் சரியாகக் கழுவாமல் விட்டால், மாலிப்டினம் அங்கே சம்பாதிக்கிறது. ஆர்.ஓ. அலகில் ஒரே சட்டத்தின் மேல் இரண்டு நீர்கள் ஓடுகின்றன. நூறு லிட்டர் உள்ளே போய் எழுபத்தைந்து லிட்டர் தூய நீராக வந்தால், மீதி இருபத்தைந்தில் உப்பு நான்கு மடங்கு செறிந்திருக்கும். அறை வெப்பநிலையில் 304-க்கு 200 பி.பி.எம்., 316-க்கு 1000 பி.பி.எம். குளோரைடு என்ற பழகிப்போன வரம்பை அந்தக் கழிவுப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். கடல்நீர் என்றால் இந்த இரண்டு தரங்களும் பேச்சுக்கே இடமில்லை.

அயனிப் பரிமாற்றக் கலன் இன்னும் மோசமான பொறி. ஓடும் நேரமெல்லாம் உள்ளே இருப்பது தூய நீர். ஆனால் நீரின் அயனிகளைப் பிடித்துவைக்கும் ரெசினைப் புதுப்பிக்கும் நாளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும். அதன் முன்னால் 304, 316 இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே கரையும். அதனால்தான் அந்தக் கலன்கள் கார்பன் எஃகின் உள்ளே ரப்பர் பூசியோ கண்ணாடியிழை பிளாஸ்டிக்கிலோ செய்யப்படுகின்றன.

வெளிப்புறத்தையும் மறக்கக் கூடாது. 80 டிகிரியில் ஓடும் குழாயின் மேல் வெப்பக்காப்புப் போர்வை சுற்றியிருக்கும். அது நனைந்தால், அதிலுள்ள குளோரைடு எஃகின் வெளிச்சுவரில் வந்து செறியும். ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் 304, 316 இரண்டுக்கும் இழுவிசையும் குளோரைடும் சேர்ந்தால் விரிசல் வரும். உள்ளே உலகின் மிகத் தூய நீர் ஓடிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து குழாய் விரியும்.

டைட்டானியம் சேர்த்த 321, 316 டி.ஐ. தரங்களும் வெல்டிங்குக்கு நல்லவைதான். ஆனால் அவற்றிலுள்ள கடினமான டைட்டானியம் துணுக்குகள் எலக்ட்ரோ பாலிஷைக் கெடுக்கும்; தூய நீர்ப் பரப்புக்கு ஏற்றவை அல்ல.

வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். வளைத்து, இழுத்து உருவாக்கிய 304 லேசாகக் காந்தத்தை இழுக்கும். மாங்கனீசு கூடிய மலிவான 200 வரிசை எஃகு இழுக்காமலும் இருக்கும். ஆகவே அந்தச் சோதனை எதையும் சொல்லாது. கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்த் துப்பாக்கி குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றையும் நொடிகளில் காட்டிவிடும், 304-ஐயும் 316-ஐயும் பிரித்துவிடும். கார்பனை மட்டும் அதனால் பார்க்க முடியாது. அத்தனை லேசான தனிமத்தின் சமிக்ஞை காற்றிலேயே அழிந்துபோகும். அதற்குப் பொறி ஒளி நிறமாலைக் கருவியோ லேசர் கருவியோ வேண்டும். அவை கைவசம் இல்லாத இடத்தில், குழாயின் மேல் பொறித்த ஹீட் நம்பரும் (எந்த உருக்கலில் வந்த எஃகு என்பதற்கான எண்) உருக்காலைச் சான்றிலுள்ள ஹீட் நம்பரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர, அந்த ‘எல்’ உண்மையா என்று அறிய வேறு வழியில்லை.